மாப்பிள்ளைக்கு ஒரு லேசான கார்

சுங்கை ரம்பாய், மலாக்கா
2.3.2025

அன்பு மகள் ஷாந்தினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க அம்மா தினமும் உனக்குப் போன் அடிக்கிறாள். ஒரு பெண் வந்து, நீங்கள் அழைத்த எண் தொடர்பில் இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டுப் போகிறாள். நேற்று அம்மா அந்தப் பெண்ணிடமே, உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்படி சொல்லிவிட்டாள்.

சரவாக் காட்டுக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் லைன் கிடையாது, ஆனால் வாரம் ஒருமுறை படகில் தபால் வரும் என்று சொன்னாயே, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் அம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். அதற்கு அவள் பதில் போடவில்லை. நேரே கல்யாணம் செய்துகொண்டாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்புப் பேனாவைத் தொட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிகள் வந்துவிட்டன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து லோரியில் நம் வாசலுக்கு வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஃபிரிட்ஜா என்று கேட்டார். கார் என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கிட் கார் என்றால் என்னவென்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, தைரியம் இருந்தால் நீயே மாட்டிக்கொள் என்று அனுப்புவார்கள். எஞ்சினும் கியர் பெட்டியும் நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்காக அம்மாவின் பழைய கொரோலாவைப் பிரித்துவிட்டேன். 'ஓடுற காரைப் பிரிச்சு ஓடாத கார் செய்றாரு உங்கப்பா' என்று அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நீ கோபப்படப் போகிற பகுதி. போன ஞாயிறு உன் வருங்கால மாமனார் கனகரட்ணம் ஐயா, ஆவணியில் கல்யாணத் தேதி குறிக்க மலாக்கா டவுனிலிருந்து குடும்பத்தோடு வந்தார். அப்போதுதான் காரின் இரும்புச் சட்டத்தை வெல்டிங் வைத்து ஒட்டி முடித்து போர்ச்சில் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பார்த்துவிட்டு, "இது வாசலுக்குப் போடுற கேட்டோ, சம்பந்தி?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை. "இல்ல சம்பந்தி, இது காரு. இதுலதான் மாப்பிள்ளைய அழைச்சிக்கிட்டு வரப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். அவர், "அப்படியோ" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

அன்புள்ள அப்பா,
திருச்செல்வம்


ரூமா பஞ்சாங் பள்ளி, சரவாக்
23.3.2025

அப்பா,

உங்கள் கடிதம் ஈரத்தோடு வந்தது. படகில் யாரோ அதன்மேல் மீன் வைத்திருக்கிறார்கள். வாசனையோடு படித்தேன்.

கேட் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா? நேற்றுத் தண்ணீர்த் தொட்டிக் குன்றில் ஏறி நின்றேன். கொஞ்சம் லைன் கிடைத்ததும் வதனாவின் மெசேஜ்தான் முதலில் வந்து விழுந்தது. பிரஷாந்தின் தங்கை. 'அண்ணி, அண்ணாவை வீட்டில செய்த காரிலயோ கூட்டிக்கொண்டு வரப் போறீங்கள்?' என்று கேட்டு, சிரிக்கிற முகமாக ஒரு வரிசை. அவர்கள் குடும்பத்தில் சிங்கப்பூர் வரை செய்தி போய்விட்டது. பிரஷாந்தின் அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய வெள்ளைக் காரை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறாராம். ஊர்வலத்துக்குப் பின்னாலேயே அது சும்மா வருமாம்.

அந்த 'சும்மா'தான் அப்பா எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் எல்லோரும் கிளார்க், டாக்டர், எஞ்சினியர். நம் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு பிரஷாந்த் அந்த வெள்ளைக் காரில் ஏறினால், அன்றைக்கு எல்லோரும் உங்களைப் பார்க்கிற பார்வையை நான் பார்க்க வேண்டாம். உங்களை யாரும் பாவம் என்று நினைக்கக் கூடாது. கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

காரைச் செய்யுங்கள். கல்யாணத்துக்கு வேண்டாம்.

அம்மா இப்போது காய்கறி வாங்க பாசாருக்கு எதில் போகிறாள்?

ஷாந்தினி


சுங்கை ரம்பாய்
13.4.2025

அன்பு மகளுக்கு,

அம்மா பாசாருக்கு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறாள். ஒரு கையில் கீரை, இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததில்லை. இதற்கே ஒரு கிட் கார் வாங்கலாம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கும் கோபம் வந்தது. இரண்டாவது தடவை, பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று பட்டது. அதனால் ஒரு வாரம் காரைத் தொடவில்லை. அந்த ஒரு வாரம் நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததில் அம்மாவே என்னை வெளியே துரத்திவிட்டாள்.

முப்பது வருஷம் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வெல்டிங் வைத்துக் குழாய் ஒட்டினேன். நான் ஒட்டிய எதுவும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. நகர்ந்திருந்தால் என் வேலை போயிருக்கும். நான் ஒட்டியது ஒன்று எழுந்து ஓடுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதில் என் வீட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். சம்பந்தியிடம் நானே போன் போட்டு, நீங்க சொன்னதுதாங்க சரி, அது வாசல் கேட்டுதான் என்று சொல்லிவிடுகிறேன். வரும் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுது.

அதற்கு முன்னால் கார் எந்த அளவில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் காரின் வித்தையே எடையைக் குறைப்பதுதான். எஞ்சின் சின்னது, ஆனால் சுமக்க ஒன்றுமில்லாததால் பறக்கும். கதவு கிடையாது. கூரை கிடையாது. ரேடியோ, ஸ்பேர் டயர், பின்பக்கத்து மட்கார்டு எதுவும் கிடையாது. எஞ்சின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டருக்கு ஒரு விசிறி கொடுத்திருந்தார்கள். கார் ஓடும்போது காற்று தானாக அடிக்கப் போகிறது, இது எதற்கு வீண் சுமை என்று அதையும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

பழைய இரும்புக் கடை ஆ சோங்கின் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தோம். அவர் நிறுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் விலை சொன்னார். அப்புறம் என்னையும் ஏற்றி நிறுத்தார். இந்தக் காரில் எஞ்சினுக்கு அடுத்து கனமான சாமான் நான்தான். 'விசிறியக் கழட்டி என்ன பிரயோசனம், சோத்தக் குறைங்க' என்கிறாள் அம்மா. இப்போது இரவில் ஒரு தோசைதான். இரண்டாவதைக் காருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அப்பா


சரவாக்
4.5.2025

அப்பா,

இரண்டாவது தோசையைச் சாப்பிடுங்கள். சர்க்கரை குறைந்து தலை சுற்றினால் அம்மாதான் கஷ்டப்படுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குன்றில் ஏறி பிரஷாந்திடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளைக் காரையும் சேர்த்து. அவர் சொன்னார்: "எங்க வீட்டுல யாருக்கும் ஒரு பல்பு மாத்தத் தெரியாது. உங்கப்பா காரே செய்றாரு. நான் அதுலதான்லா வருவேன். கூரை இல்லாதது நல்லது, தலைப்பாகை இடிக்காது." அவர் ஆறடி உயரம் என்பது நினைவிருக்கட்டும். கால் நீட்ட இடம் விடுங்கள்.

ஒரு சிக்கல். அவர்கள் முறைப்படி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் உட்கார வேண்டும். பாலேந்திரன் என்று அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. காரில் சீட்டு இரண்டு. ஓட்ட நீங்கள், மாப்பிள்ளை, தோழன். கணக்கில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது என் கட்டளை. அந்தக் காரில் முதலில் அம்மாவை ஏற்றி ஓட்டிக் காட்டுங்கள். அம்மா இறங்கி வந்து என்ன சொல்கிறாளோ அதுதான் தீர்ப்பு. அம்மா சரி என்றால் எனக்கும் சரி.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரு வாரம் காரைத் தொடாமல் இருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஷாந்தினி


சுங்கை ரம்பாய்
20.7.2025

அன்பு மகளுக்கு,

ஓடிவிட்டது.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

நம்பர் இல்லாத காரைப் பெரிய சாலைக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் பக்கத்துத் தோட்டத்து மானேஜரைப் பார்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்குள்ளே போகிற செம்மண் சாலையில் ஓட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். அது தோட்டத்தின் சொந்தச் சாலைதானே. கல்யாணத்தன்றைக்கும் மாரியம்மன் கோயிலிலிருந்து தோட்டத்து மண்டபம் வரை அதே சாலைதான். அவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டார்.

கோயில் வாசலில் ராமையா பூசாரி பூசை போட்டார். டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். காரின் மூக்கு தரையோடு தரையாக இருக்கிறது. அதற்கடியில் எலுமிச்சம்பழம் போகும், தேங்காய் போகாது. உடைத்த தேங்காயை ஓரமாகப் பொறுக்கிப் போட்ட பிறகுதான் கிளம்ப முடிந்தது. உன் அம்மாவை ஏற்றியது தனிக் கதை. கதவு இல்லாததால் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு, பூசாரி தோளில் ஒரு கை, என் தலையில் ஒரு கை வைத்து இறங்கி உட்கார்ந்தாள். மடியில் குங்குமத் தட்டு.

மெதுவாகத்தான் எடுத்தேன். சாமி சத்தியமாக. ஆனால் இந்தக் காருக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. செம்பனை மரமெல்லாம் சட்சட்டென்று பின்னால் போனது. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிற முள் ஒரு இடத்தில் அசையாமல் நின்றது. காற்று மூக்கு வழியாகப் புகுந்து ரேடியேட்டரை நன்றாகக் குளிர வைத்தது. விசிறியைக் கழற்றிய என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளோ, அழுகிறாளோ என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திரும்பக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். தட்டில் குங்குமம் ஒரு பொட்டு இல்லை, எல்லாம் எங்கள் இரண்டு பேர் முகத்திலும்தான்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னொரு ரவுண்டு போங்க" என்றாள்.

டீச்சரம்மா, தீர்ப்பு வந்துவிட்டது. தோழனுக்கு வழி செய்தாயிற்று. பின்னால் ஒரு மெத்தை வைத்து உயரமாக உட்கார வைக்கிறேன், தேரில் சாமி மாதிரி.

அப்பா


சரவாக்
28.9.2025

அன்புள்ள அப்பா,

கல்யாணம் முடிந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. மருதாணி இன்னும் போகவில்லை. பிள்ளைகள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். மலாக்காவுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும் வரை அவர் அங்கே, நான் இங்கே.

இப்போது நீங்கள் எனக்கு ஒரு பதில் தர வேண்டும். அன்றைக்கு எல்லோரும் ஓடிக்கொண்டிருந்ததில் கேட்கவே முடியவில்லை. நான் மண்டபத்து உள்ளறையில் நகை கனத்தில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். கோயில் பக்கமிருந்து மேளம் கிளம்பியது கேட்டது. உங்கள் எஞ்சின் உறுமுவதும் கேட்டது. திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. நாயனம் பாதி ஊதலில் நின்றது. சித்தி வெளியே ஓடினாள். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். கல்யாண வீட்டில் யாராவது ஒன்றுமில்லை என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக் கார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கண் மை கலையக் கூடாது என்று அண்ணாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வெளியே ஒரு பெரிய சிரிப்பு. மேளம் மறுபடி கிளம்பி நேரே வாசலுக்கே வந்துவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும் வரவே இல்லை. ஆனால் அவர் உங்கள் காரிலிருந்துதான் இறங்கினார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இன்னொன்று. படங்கள் வந்தன. என் மாமனார் எங்களுக்கு அட்சதை போடுகிற படத்தில் அவருடைய இரண்டு உள்ளங்கையும் செம்மண். பட்டு வேட்டியின் கரை முழுக்கச் செம்மண். சட்டையில் ஒரு மடிப்பு விழாமல் நடக்கிற மனிதர் அப்பா அவர். பிரஷாந்திடம் கேட்டால் சிரித்துவிட்டு, "உங்கப்பாவைக் கேளு, அவர் சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்கிறார்.

சொல்லுங்கள்.

உங்கள் ஷாந்தினி


சுங்கை ரம்பாய்
8.10.2025

அன்பு மகளுக்கு,

சொல்கிறேன். சிரிக்கலாம், ஆனால் வகுப்பில் வைத்துப் படிக்காதே.

நான் எல்லாவற்றையும் யோசித்தேன், ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை அழைப்பு என்பது நடந்து போவது. மேளக்காரர்கள் முன்னால் நடப்பார்கள், தட்டு ஏந்திய பெண்கள் பின்னால் நடப்பார்கள், நாயனக்காரர் தனக்குப் பிடித்த இடத்திலெல்லாம் நின்று ஊதுவார். நம் கார் பறப்பதற்குச் செய்தது. அதை எறும்பு மாதிரி ஊர விட்டால் காற்று எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு உன் அம்மாவும் சித்தியும் சேர்ந்து காரின் மூக்கை மல்லிகைச் சரத்தால் ஓட்டை தெரியாமல் மூடியிருந்தார்கள். நான்தான் நூல் பிடித்துக் கொடுத்தேன். விசிறி வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

பாதி வழியில் சூட்டு முள் கடைசிக்குப் போய் முட்டியது. முன்னால் மேளம், பின்னால் ஜனம், எங்கேயும் ஒதுங்க வழியில்லை. தோட்டத்து கிளினிக் பக்கம் வந்ததும் புஸ்ஸென்று மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மல்லிகையெல்லாம் வெந்து, அந்தச் சாலை முழுக்க ஒரு மணம். பின்னால் உயரத்தில் இருந்த பாலேந்திரன் தம்பிதான் முதலில் குதித்தார். எஞ்சினை அணைத்தேன். நாயனம் நின்றது. காருக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். எலுமிச்சம்பழம் போகிற இடம் அது, என் வயிறு போகாது.

வெள்ளைக் கார் பின்னாலிருந்து ஜனத்தை விலக்கிக்கொண்டு மெல்லப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நீ எழுதியிருந்தாயே ஒரு பார்வை, அது என் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஸ்டீரிங்கை விட்டுக் கை எடுக்கவே வரவில்லை.

மாப்பிள்ளை அசையவில்லை. முகமெல்லாம் ஆவி, தலைப்பாகை தொங்கிப் போயிருந்தது. என் காதுக்குள், "மாமா, நியூட்ரல்ல போடுங்க. பிரேக்கை விடுங்க" என்றார்.

போட்டேன். விட்டேன். பாலேந்திரன் தம்பி பின்னால் ஒரு கை வைத்தார். கார் நழுவிக்கொண்டு போனது, பாப்பா. ஒரு கையில். என் வீட்டு இரும்புச் சட்டம், கூரை இல்லை, கதவு இல்லை, ஒன்றுமில்லை, தள்ளுவண்டி மாதிரி போனது. அதுவரை பின்னால் கை கட்டி நின்றிருந்த சம்பந்தி நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, செம்மண் அப்பியிருந்த பின்பக்கத்தில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கார் ஓரடி நகர்ந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். இன்னும் ஓரடி.

"இவ்வளவு லேசோ, சம்பந்தி?" என்று கேட்டார். தம்பியின் கையைத் தட்டிவிட்டார். "நீ விடு. நான் தள்ளுறன்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. முதலில் சிரித்தது அவர்தான். மேளக்காரர் அதைப் பார்த்துவிட்டு அடித்தாரே ஓர் அடி. அங்கிருந்து மண்டபம் வரை அவரே தள்ளினார், வேறு யாரையும் தொட விடவில்லை. எஞ்சின் இல்லாத பிறகுதான் அந்தக் கார் சரியாக மேளத்தின் நடைக்குப் போனது. அதனால்தான் உனக்குச் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் உன் மாமனார் செம்மண் கையோடு அட்சதை போட்டார். கழுவிவிட்டு வாங்கோ என்று உன் மாமியார் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றுவிட்டார். வெள்ளைக் கார் பின்னாலேயே காலியாக வந்தது. சும்மா.

நான் செய்தது ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்றைக்கு அது ஓடவில்லை. ஆனால் அதைப் பற்றி எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.

விசிறியை மாட்டிவிட்டேன். அந்த எடைக்கு ஈடாக இரண்டாவது தோசையை மறுபடி விட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஆனால் சம்பந்தி வந்துவிடுகிறார். அவரை ஓட்டச் சொன்னேன். முதல் ரவுண்டில் கிளினிக் வரை கண்ணாடி அணியாமல் ஓட்டினார் என்பதை அவர் வீட்டில் சொல்லாதே.

போன வாரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். "அண்டைக்கு நான் அதை வாசல் கேட் எண்டு நினைச்சது பிழை, சம்பந்தி" என்றார். பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் கப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, மலாக்கா வீட்டு வாசல் கேட் துருப்பிடித்து, திறக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறதாம், நான் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

ஒப்புக்கொண்டேன். மாற்றல் கிடைத்து நீ வாழப் போகிற வீடு. காரில் மிஞ்சிய குழாயிலேயே செய்கிறேன். தலை தீபாவளிக்கு நீ வருவதற்குள் மாட்டிவிடுவேன். எவ்வளவு எடை இருக்கலாம் என்று கேட்டார். கவலைப்படாதீங்க, லேசாத்தான் செய்வேன் என்றேன். எங்களைப் பார்க்க வர வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிற எந்த நாளிலும், நீ ஒரு விரலை வைத்தால் அது திறக்க வேண்டும்.

அப்பா